பாதத்தின் கணக்கும் சராசரியின் பொய்யும்

பள்ளிக்கூடத்தில் அழுத்தம் பாடம் வந்தால் ஒரு செய்முறை செய்யச் சொல்வார்கள். வரைபடத்தாளில் ஏறி நின்று, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, உள்ளே இருக்கும் கட்டங்களை எண்ண வேண்டும். எடையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். 60 கிலோ ஆள், ஒரு பாதம் 150 சதுர செ.மீ. என்றால் இரண்டுக்கும் 300. அதாவது 588 நியூட்டனை 0.03 சதுர மீட்டரால் வகுக்க, 19,600 பாஸ்கல். விடை சரி, மதிப்பெண்ணும் முழுசு. கதை முடிந்தது!

முடியவில்லை என்பதுதான் பிரச்சனை. அந்தக் கோட்டுக்குள் இருக்கும் பாதம் முழுவதும் தரையைத் தொடுவதே இல்லை. நடுவில் உள்ள வளைவு தூக்கிக்கொண்டு நிற்கிறது. பாரம் முழுக்கக் குதிகாலிலும் விரல்களுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு முனைகளிலும்தான். நடக்கும்போது இன்னும் மோசம். மொத்த உடம்பும் ஒற்றைக் காலில் வந்துவிடும். அப்போது சில இடங்களில் அழுத்தம் 200 கிலோபாஸ்கலைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். செய்முறை நோட்டில் எழுதிய விடையைப் போல பத்து மடங்கு!

ஊரில் நாலு பணக்காரர்களையும் சேர்த்துச் சராசரி வருமானம் போட்டுவிட்டு, இங்கே யாருக்கும் பசியில்லை என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதான்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? சர்க்கரை நோயில் காலின் உணர்ச்சி போனவர்களைக் கேட்க வேண்டும். மற்றவர்கள் வலித்தால் காலை மாற்றி வைப்பார்கள். இவர்களுக்கு வலிக்காது. அதே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தி, தோல் கிழிந்து, புண்ணாகி, கடைசியில் காலையே எடுக்கும்படி ஆகிவிடுகிறது.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1946-இல் வேலூர் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் தானாக அழுகுவதில்லை, உணர்ச்சியற்ற காலில் விழும் அழுத்தமும் காயமும்தான் காரணம் என்று காட்டினார். அந்த அழுத்தத்தைப் பரவச் செய்யத்தான் மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு வந்தது. பாதத்தில் ஏற்கெனவே புண் வந்து ஆறியவர்களுக்குச் செருப்புக்குள் உச்ச அழுத்தம் 200 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறார்கள் இன்றைய மருத்துவர்கள். கவனியுங்கள், உச்ச அழுத்தம். சராசரி இல்லை!

பள்ளிக்கூடப் பையனுக்கு இதெல்லாம் அதிகம் என்று சிலர் சொல்லலாம். அழுத்தம் அளக்கும் கருவி விலை அதிகம், உண்மைதான். ஆனால் காலை நனைத்துச் சிமெண்ட் தரையில் ஒரு தடம் வைக்க என்ன செலவு? எது தொடுகிறது, எது தொடவில்லை என்று தரையே சொல்லிவிடும். தொடும் கட்டங்களை மட்டும் எண்ணச் சொன்னால் விடை உடனே எகிறும். ஒற்றைக் காலில் நின்றால் இரட்டிப்பாகும். கூடவே, வீட்டில் சர்க்கரை நோயுள்ள பாட்டியின் உள்ளங்காலைத் தினமும் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி சொன்னால் போதும்.

அந்த ஒரு வரிக்குப் பாடப்புத்தகத்தில் இடமில்லை என்றால், 19,600 என்ற விடையை மனப்பாடம் செய்து யாருக்கு என்ன லாபம்?