பழைய பெயின்டுக்கும் சுத்தி உண்டு!

பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்த காலம் மலையேறிவிட்டது. இப்போது கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று ஏதாவது ஒரு விசேஷம் வந்தால்தான் வீட்டுச் சுவருக்குப் புதுச் சட்டை. சரி, பெயின்டர் கூலியை வாங்கிக்கொண்டு போன பிறகு உங்கள் வீட்டுப் பரணில் என்ன மிச்சம் இருக்கிறது என்று ஏறிப் பார்த்திருக்கிறீர்களா? அரை டப்பா எமல்ஷன், கால் டப்பா எனாமல், பாதி பாட்டில் தின்னர், விறைத்துப்போன பிரஷ். "அப்புறம் டச்சப் பண்ண ஆகும்" என்று எடுத்து வைத்தது. ஆகவே ஆகாது. அடுத்த முறை ஷேடு கார்டைப் பிரிக்கும்போது பழைய கலர் வீட்டில் ஒருத்தருக்கும் பிடிக்காது.

கடைசியில் அது எங்கே போகிறது? எங்கள் ராயப்பேட்டையில் நான் பார்க்கிற வரையில், ஒன்று மழைநீர்க் கால்வாயில் கொட்டுகிறார்கள். போய்ச் சேருமிடம் கூவமும் பக்கிங்காம் கால்வாயும்தான். இல்லாவிட்டால் டப்பா காயலாங்கடைக்கும், உள்ளே இருந்தது குப்பை வண்டிக்கும் போகிறது. 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளிலேயே, தூக்கிப் போடும் பெயின்ட் டப்பாவை வீட்டு அபாயக் கழிவு என்று காலாவதி மருந்து, உடைந்த தெர்மாமீட்டர், பழைய பாட்டரி இவற்றோடு சேர்த்து எழுதியிருக்கிறார்கள். காய்கறித் தோலோடு சேர்த்துக் கட்டிப் போடுகிற சரக்கு இல்லை அது.

இந்த மிச்ச பெயின்டைச் சேகரித்து, வடிகட்டி, மறுபடியும் பெயின்டாக விற்கிற ஏற்பாடு வெளிநாடுகளில் நன்றாகவே நடக்கிறது. அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரத்தில் உள்ளாட்சி அமைப்பே 1992-லிருந்து இப்படி பெயின்ட் தயாரிக்க ஆரம்பித்தது. அந்த ஆரிகன் மாநிலத்தில் 2009-ல் சட்டமே போட்டார்கள். புது டப்பா வாங்கும்போதே ஒரு சிறு தொகையைச் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். மிச்சத்தைத் திரும்பப் பெறுகிற செலவு அதிலிருந்து. இங்கிலாந்தில் மிச்ச பெயின்டை ஏழைக் குடும்பங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் கொடுக்கிறார்கள். நியூசிலாந்தில் ஒரு பெயின்ட் கம்பெனி திரும்பப் பெற்றதில் ஒரு பகுதியைப் பொதுச் சுவர்க் கிறுக்கல்களை மறைக்கக் கொடுக்கிறது.

நம் ஊருக்கும் இது வர வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் எப்படி வர வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

'சித்த வைத்தியருக்கும் பெயின்டுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். நிறையவே இருக்கிறது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் குணபாடம் படித்தபோது தாது வகுப்பில் எங்களுக்கு அறிமுகமானவை லிங்கம், அரிதாரம், மனோசிலை, காரீயம் போன்ற சரக்குகள். லிங்கத்தில் பாதரசம்; அரிதாரத்திலும் மனோசிலையிலும் பாஷாணம், அதாவது ஆர்சனிக். இவற்றில் பலவும் அந்தக் காலத்து ஓவியர்களின் வண்ணக் கிண்ணத்திலும் இருந்தவைதான். சிவப்புக்கு லிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம். எங்கள் ஆசிரியர்கள் முதலில் சொல்லிக் கொடுத்தது அவற்றின் மகிமையை அல்ல, சுத்தியை. கந்தகம் என்றால் நெய்யில் உருக்கிப் பாலில் ஊற்ற வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. சுத்தி செய்யாத சரக்கை மருந்தில் சேர்ப்பவன் வைத்தியன் அல்ல.

மறுசுழற்சி பெயின்டுக்கும் நான் கேட்பது அதே சுத்திதான்.

இது எப்படித் தயாராகிறது என்று பாருங்கள். வந்து சேரும் டப்பாக்களைத் திறந்து, தண்ணீர் கலக்கிற எமல்ஷன் வகையைத் தனியாகவும், எண்ணெய் வகை எனாமலைத் தனியாகவும் பிரிக்கிறார்கள். கெட்டுப் போனது, நாற்றம் எடுத்தது, கட்டி தட்டியது எல்லாம் கழிந்துவிடும். நல்லதை வெளிர் நிறம், அடர் நிறம் என்று வகை பிரித்து, பெரிய தொட்டியில் கலக்கி, வடிகட்டி, கெட்டுப் போகாமலிருக்க மருந்து சேர்த்து, திக்கான பதம் பார்த்து அடைக்கிறார்கள். பத்து வீட்டுக் கலர் ஒன்றாகக் கலந்தால் என்ன வரும்? பெரும்பாலும் சந்தன நிறம், சாம்பல், பழுப்பு. ரோஜாப்பூ ரோஸ் வராது.

இதில் இரண்டு இடத்தில் நஞ்சு நுழையலாம்.

முதலாவது ஈயம். நம் நாட்டில் வீட்டு உபயோக பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2016-ல் போடப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் டப்பா உங்கள் பரணில் இருந்தால்? பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு நிறங்களுக்கு லெட் குரோமேட் சேர்ப்பது உண்டு. மஞ்சள் தூளில் கலப்படம் செய்து பிடிபடுகிறார்களே, அதே சரக்கு. அப்படிப்பட்ட பழைய டப்பாக்கள் தொட்டியில் விழுந்தால், குடத்துப் பாலில் துளி விஷம் கதைதான்.

குழந்தைகளுக்கு ஈயத்தில் 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்ற அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். படிப்பில் மந்தம், எதிலும் நிலைக்காத மனசு, ரத்தசோகை. வெளியே ஒன்றும் தெரியாது. என்னிடம் குழந்தையைக் கூட்டி வந்து, "சுவத்துல உதிர்ற பெயின்டை எடுத்து வாயில வெச்சுக்குறான் டாக்டர், நாடி பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்கிற தாய்மார்கள் உண்டு. நாடியில் ஈயம் தெரியாதம்மா! அதற்கு ரத்தப் பரிசோதனைதான். முதலில் குழந்தை மருத்துவரிடம் போய் அதைச் செய்துகொள்ளுங்கள். 'ஈயத்தை எடுக்க மூலிகை இருக்கு' என்று யாராவது சொன்னால் நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

இரண்டாவது, கெட்டுப் போகாமலிருக்கச் சேர்க்கிற மருந்து. தண்ணீர் பெயின்டில் கிருமி வளராமலிருக்க ஐசோதயாசோலினோன் வகை ரசாயனங்களைப் போடுவார்கள். புதுப் பெயின்டிலேயே இது உண்டு; மறுசுழற்சியில் இன்னொரு தடவை சேரும். சிலருக்கு இது தோலில் ஒவ்வாமையைக் கிளப்பிவிடும். என்னிடம் வருகிற ஒரு பெயின்டருக்கு இரண்டு கையிலும் வெடிப்பு, அரிப்பு. "எனாமல் வேலைக்கே போறதில்ல சார். வாட்டர் பெயின்ட்தான். அதுல தண்ணிதானே இருக்கு?" என்றார். கரப்பான் என்று எண்ணெய் கொடுத்து அனுப்பிவிடாமல், தோல் நிபுணரிடம் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளச் சொன்னேன். நாம் ஒரு வாரம் வாசனை பிடிக்கிறோம். அவர் வாழ்நாளெல்லாம் அதில் கையை நனைக்கிறார். அவருக்கும் சேர்த்துத்தான் டப்பா மேல் விவரம் இருக்க வேண்டும்.

இனி விற்பனைக்கு வருவோம். அடுத்தவர் வீட்டு மிச்சம் என்றால் நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள். பூஜை அறைக்கு அடிப்பார்களா? அதனால் வியாபாரிக்கு ஒரு ஆசை வரும். 'மறுசுழற்சி' என்ற சொல்லை மறைத்துவிட்டு 'இயற்கை', 'மூலிகை', 'நச்சில்லாதது' என்று பேர் வைக்கலாமா என்று. இந்த வித்தையை எங்கள் துறையில் நாங்கள் நிறையப் பார்த்துவிட்டோம். இயற்கை என்றால் நஞ்சில்லை என்று யார் சொன்னது? அரளி விதை இயற்கைதான். எட்டிக்கொட்டை இயற்கைதான். எங்கள் மருந்துகளுக்கே கன உலோகச் சோதனை கேட்கிறார்கள். கேட்கட்டும், அது நியாயம்தான். மருந்தைக் கேட்கிற அதே வாயால் பெயின்டையும் கேளுங்கள் என்கிறேன்.

கழிவிலிருந்து பெயின்ட் என்றால், நம் நாட்டில் அரசாங்கமே இறங்கி விற்ற ஒன்று உண்டு. காதி கிராமத் தொழில் ஆணையத்தின் பசுஞ்சாண பெயின்ட். 2021 ஜனவரி 12 அன்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி வெளியிட்டார். டிஸ்டெம்பர் லிட்டர் 120 ரூபாய், எமல்ஷன் 225 ரூபாய் என்று அப்போது விலை வைத்தார்கள். உருவாக்கியது ஜெய்ப்பூரிலுள்ள குமரப்பா தேசிய கைக்காகித நிறுவனம். அந்தக் குமரப்பா யார் தெரியுமா? தஞ்சாவூரில் பிறந்து, காந்தியோடு கிராமத் தொழிலுக்கே வாழ்க்கையைக் கொடுத்த நம்ம ஜே.சி. குமரப்பாதான்.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்று, பிடிக்காதது ஒன்று. ஈயம், பாதரசம், குரோமியம், ஆர்சனிக், காட்மியம் இல்லை என்று உலோகங்களைப் பேர் சொல்லி அறிவித்தார்கள். அரசு சோதனைக்கூடத்தில் சோதித்தோம் என்றார்கள். விற்பனை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். கூடவே கிருமியைக் கொல்லும், பூஞ்சையைத் தடுக்கும், வீட்டைக் குளிர வைக்கும் என்று எட்டு நன்மை அடுக்கினார்கள். சுவருக்கு அடிப்பதை லேகியம் மாதிரி விற்க வேண்டாமே! சுவர் நன்றாக இருந்தால் போதும்.

இன்னொன்று. 2022 டிசம்பரில் சத்தீஸ்கர் அரசு, அரசுக் கட்டடங்களுக்கெல்லாம் சாண பெயின்ட்தான் அடிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. அரசாங்கம் முதல் வாடிக்கையாளராக வருவது நல்லதுதான். அத்தனை டப்பாவை வேறு யார் வாங்க முடியும்? ஆனால் கட்டாயம் போட்டு டப்பாவை விற்கலாம். நம்பிக்கையை விற்க முடியாது. ஆட்சி மாறினால் உத்தரவும் மாறும். சுவர் உரியாமல் நின்றால்தான் அடுத்த அதிகாரியும் வாங்குவார்.

தமிழ்நாட்டில் 1998-லிருந்து டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. நிபந்தனைக்கு உட்பட்டவர்களில் விலை குறைந்தவருக்கே வேலை. அப்படியானால் நிபந்தனையிலேயே சுத்தியை எழுதிவிட வேண்டும். ஒவ்வொரு தொட்டிக்கும் ஈயச் சோதனைச் சான்று, எமல்ஷனில் மட்டுமே மறுசுழற்சி, டப்பா மேல் 'மறுசுழற்சி' என்று தமிழில் பெரிய எழுத்து. முதலில் அடிக்க வேண்டிய இடம் அங்கன்வாடியும் பிரசவ வார்டும் அல்ல. மேம்பாலத் தூண், பூங்கா மதில், குடோன், பஸ் டிப்போ. இரண்டு மழைக்காலம் தாங்கட்டும். ஜனங்கள் கண்ணால் பார்க்கட்டும். அதைவிடப் பெரிய விளம்பரம் எது?

1991-லேயே மத்திய அரசு 'எக்கோமார்க்' முத்திரை கொண்டுவந்தது. சின்னம் மண்பானை. பெயின்டும் அந்தப் பட்டியலில் இருந்தது. உங்களில் எத்தனை பேர் கடையில் அதைப் பார்த்திருக்கிறீர்கள்? 2024-ல் விதிகளைப் புதுப்பித்திருக்கிறார்கள். இந்தத் தடவையாவது பானை கடைக்கு வரட்டும்.

அதுவரை நம் வீட்டில் நாம் செய்யக்கூடியவை:

* சுவரை அளந்து வாங்குங்கள். பெயின்டர் சொன்ன கணக்கைக் கடைக்காரரிடமும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். மிச்சம் வராத பெயின்டுக்கு மறுசுழற்சியே தேவையில்லை.

* மிஞ்சிய எமல்ஷனை மாடிப்படிச் சுவருக்கோ, அக்கம்பக்கத்தில் தேவைப்படுகிறவர்களுக்கோ உடனே கொடுத்துவிடுங்கள். பரணில் ஏற்றினால் வீண்தான்.

* எந்த பெயின்ட் வாங்கினாலும் ஈயம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

* 2017-க்கு முன் அடித்த எனாமல் கதவு, ஜன்னலை உலர்ந்தபடி சுரண்ட விடாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். தூளை ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தச் சில நாள் வேறு வீட்டில் இருக்கட்டும்.

* ஆஸ்துமா, வீசிங் உள்ளவர்கள் வாசனை அடங்கும்வரை அந்த அறையில் படுக்க வேண்டாம். ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

* பெயின்டருக்குக் கையுறையும் முகமூடியும் வாங்கிக் கொடுங்கள். ஒரு லிட்டர் பெயின்ட் விலைகூட ஆகாது.

மறுசுழற்சி பெயின்ட் நம் தெருக் கடைக்கு ஒரு நாள் வரும். வந்தால் முகம் சுளிக்காமல் வாங்குங்கள். வாங்கும்முன், "இதுக்கு டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கா?" என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் கடைக்காரர் கம்பெனியைக் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தாவது சுத்தி ஒழுங்காக நடக்கும்.