வெள்ள காலத்தில் காவல் நாயும் குடியானவரும்

தென்பெண்ணைக் கரைக் கிராமங்களில் களத்து நெல்லையும் கரும்புத் தோட்டத்தையும் ஆட்டுப் பட்டியையும் இரவெல்லாம் காத்துக் கிடப்பது நாயே. காட்டுப்பன்றியின் வரவையும் கள்வரின் வரவையும் முதலில் அறிவிப்பதும் அதுவே. அதற்கு வருஷம் முழுவதும் அன்னமிடும் குடியானவர், வெள்ளம் வரும் நாளுக்கென்று யாதொரு ஏற்பாடும் செய்து வைப்பதில்லை. இக்குறை நாய்க்கு மட்டுமன்றி எஜமானருடைய உயிருக்கும் ஆபத்தாய் முடியக்கூடும் என்பது கவனிக்கற்பாலது.

தை மாதம் 5ஆம் நாள் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு மணலூர்பேட்டையில் எழுந்தருளும்போது ஜனங்கள் காணும் ஆறு சாந்தமானது. 2024ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அவர்கள் கண்டதோ வேறு. நவம்பர் 30ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரையைக் கடந்தது. உள்நாட்டிலும் பெருமழை பெய்தமையால், டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்குச் சுமார் 1,68,000 கன அடி நீர் ஆற்றில் விடப்பட்டது. அணைக்குக் கீழ் கடலூர் வரையில் கரையோர ஊர்கள் பல பெரும் நஷ்டமடைந்தன. இத்தகைய நீர் இருட்டிலும் வரும். வந்தபின் மூட்டை கட்ட அவகாசம் இராது.

மனிதருக்கே இடமில்லாதபோது நாய்க்கு இடம் தேடுவதா என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். 2005ஆம் வருஷம் அமெரிக்காவில் கத்ரீனா புயல் வீசியபோது, நாயையும் பூனையையும் விட்டுவர மனமில்லாமல் பலர் வீட்டை விட்டகல மறுத்தனர். அதன்பின், வீட்டுப் பிராணிகளை உடையவர்களின் தேவையையும் ஆபத்துக்கால ஏற்பாடுகளிற் சேர்க்க வேண்டுமென்று 2006இல் அந்நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. சங்கிலியிற் கட்டிய நாயை அவிழ்க்க நள்ளிரவில் தண்ணீருக்குள் திரும்புகிறவர் எந்நாட்டிலும் உண்டு. ஆகவே நாய்க்கு இடமளிப்பது மனிதரைக் காக்கும் உபாயமேயன்றி வீண் தயை அன்று.

எஜமானருக்கும் நாய்க்கும் மூட்டை ஒன்றாகவே இருத்தல் நலம். நீர் புகாத பையொன்றில், பட்டா, குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பயிர்க் காப்பீட்டு ரசீது ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு வைக்க வேண்டும். அவற்றுடன் நாயின் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றும், எஜமானரும் நாயும் சேர்ந்திருக்கும் புகைப்படம் ஒன்றும் இருத்தல் அவசியம். பிரிய நேர்ந்தால் உரிமையை நிலைநாட்ட அப்படமே சாட்சி. டார்ச்சு விளக்கு, வழக்கமாய் உண்ணும் மருந்துகள், சோப்பு, குளோரின் மாத்திரை இவையும் வேண்டும்.

மூன்று நாளைக்கு உணவு போதும். வறுத்த கேழ்வரகு மாவு இருவருக்கும் உதவும். வெங்காயம், உலர்ந்த திராட்சை சேர்ந்த பண்டங்களை நாய்க்குக் கொடுக்கலாகாது. 15 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 லிட்டர் நல்ல தண்ணீர் தேவை. வெள்ளநீரைக் குடிக்க விட்டால் எலிக்காய்ச்சல் உண்டாகக்கூடும். கழுத்துப்பட்டை, உறுதியான கயிறு இரண்டு, தட்டு ஒன்று, நாய் வழக்கமாய்ப் படுக்கும் கோணிச்சாக்கு ஆகியவை மீதிச் சாமான்கள். பழகிய வாசனையுள்ள சாக்கு அந்நிய இடத்தில் அதன் மிரட்சியைத் தணிக்கும். மிரண்ட நாய் எஜமானரையே கடிக்கும்; ஆதலால் வாயைக் கட்ட நீண்ட துணிப்பட்டையும் வேண்டும். ஆனால் நாய் நாக்கை நீட்டி மூச்சுவிட்டே உடற்சூட்டை ஆற்றுவதால், வாய்க்கட்டைச் சில நிமிஷங்களுக்கு மேல் வைத்திருக்கலாகாது. கடி ஏற்பட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவற்றுள் முதன்மையானது தடுப்பூசியே. ஊசி போடாத நாயை ஜனக்கூட்டத்தில் அனுமதிக்க எந்த அதிகாரியும் தயங்குவது நியாயம். புரட்டாசிக்குள் அதைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய், வருஷந்தோறும் தவறாமல் ஊசி போடுவித்தல் குடியானவர் கடமை.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு கடமையுண்டு. தங்குமிடமாகக் குறித்த பள்ளிக்கூடத்தின் தாழ்வாரத்தையோ அருகிலுள்ள கொட்டகையையோ நாய்களுக்கென ஒதுக்கி, ஒன்றையொன்று எட்டாதபடி கட்ட ஏற்பாடு செய்தல் வேண்டும். ஊசிச் சான்று இல்லாதவற்றைத் தனியே கட்டலாம், துரத்திவிடலாகாது. அவ்விதம் துரத்தப்பட்டவையே கூட்டமாய்த் திரிந்து பின்னர் ஆட்டையும் குழந்தையையும் கடிக்கும்.

அழைத்துச் செல்ல எவ்வாற்றானும் இயலாதாயின், நாயையும் மாட்டையும் கட்டவிழ்த்து விட்டேனும் செல்ல வேண்டும். கட்டுத்தறியில் நின்றபடி பிராணியை மூழ்கவிடுவது, அதன் உழைப்பை உண்டவருக்குத் தகாது. மூட்டைக்கு ஆகும் செலவு சொற்பம். ஐப்பசி மழை இறங்குமுன் அது ஒவ்வொரு வீட்டு வாசலருகிலும் தொங்குமாறு மிராசுதாரர்களும் கிராம அதிகாரிகளும் கவனிப்பார்களாக.