ஐந்தாம் மாத ஸ்கேனும் அவசர முடிவும்

ஐந்தாம் மாத ஸ்கேனில் சிசுவின் நுரையீரலில் ஓரிடம் மட்டும் வெளிறித் தெரிகிறது, அல்லது சிறு நீர்க்கட்டிகள் தென்படுகின்றன. அறிக்கையில் 'சி.பி.ஏ.எம்.' என்று எழுதியிருக்கிறது. பெற்றோர் வீடு போய்ச் சேர்வதற்குள் "கலைத்துவிடலாம்" என்று உறவினர் யாராவது சொல்லிவிடுகிறார்கள்.

அந்த அவசரம் தவறு. நுரையீரல் திசு பிறவியிலேயே ஒழுங்கின்றி வளர்ந்து கட்டியாகத் திரள்வதுதான் இந்தக் குறைபாடு. இது உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள். ஆறாம் மாதம்வரை பெரிதாகும் கட்டி, பிறகு பலருக்கு அப்படியே நின்றுவிடும். சிசு வளர வளரச் சுருங்கி, கடைசி மாதங்களில் ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். தெரியவில்லை என்று விட்டுவிடாமல், பிறந்த பின் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

யாருக்கு ஆபத்து என்பதைப் பிரித்தறிய 2002-ல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு கணக்கு தந்தார்கள். கட்டியின் கன அளவைச் சிசுவின் தலைச் சுற்றளவால் வகுக்க வேண்டும். விடை 1.6-ஐத் தாண்டினால், இதயம் நெருக்கப்பட்டுச் சிசுவின் உடலில் நீர் கோக்கும் அபாயம் கூடுகிறது. அப்போதும் வழி இருக்கிறது: கட்டி நுண்ணிய நீர்க்கட்டிகளால் ஆனதென்றால், தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி பல சிசுக்களைக் காப்பாற்றியிருக்கிறது.

உதரவிதானத்தில் ஓட்டை விழுந்து குடல் மார்புக்குள் ஏறும் குறைபாடு இதைவிடக் கொடியது. நுரையீரல் வளர இடமின்றிக் குறுகிவிடும். இதில் கடுமையான இடப்பக்க வகைக்கு, கருவிலேயே மூச்சுக்குழாயில் சிறு பலூன் வைக்கும் சிகிச்சையைப் பரிசோதித்த பன்னாட்டு ஆய்வு 2021-ல் வெளியானது. பலூன் வைத்த குழந்தைகளில் 40 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். வைக்காதவர்களில் 15 சதவீதம் பேர்தான். பலூன் வைத்தவர்களுக்குக் குறைப்பிரசவம் அதிகம். நல்லதும் கெட்டதுமான இந்த எண்களை முழுதாகக் கேட்ட பிறகே பெற்றோர் முடிவெடுக்க வேண்டும். எல்லாம் தெரிந்து கருக்கலைப்பைத் தேர்ந்தால், அதுவும் அவர்களின் உரிமை.

சட்டமும் நெருக்கவில்லை. கடுமையான குறைபாடு என்று மருத்துவக் குழு உறுதிசெய்தால், 24 வாரத்துக்குப் பிறகும் கருக்கலைப்புக்கு, இந்தியாவின் கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-ல் வந்த திருத்தம் இடம் தருகிறது. ஆகவே 18 முதல் 20 வாரத்துக்குள் ஸ்கேன் எடுத்துவிட்டால், இன்னொரு நிபுணரிடம் காட்ட நாள் இருக்கிறது. குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் பெற்றோருடன் உட்கார்ந்து பேசுவதை அரசு மருத்துவமனைகள் நடைமுறையாக்க வேண்டும். நகரத்துக்கு வர முடியாத தாய்க்கு, ஸ்கேன் படங்களை நிபுணருக்கு அனுப்பி வீடியோ அழைப்பில் பேசவைக்கலாம். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் பிரசவத்துக்கு இடம் உறுதிசெய்வதும் அந்தப் பேச்சிலேயே முடிவாக வேண்டும்.