கொல்லையில் கிடைத்த காசு யாருக்கு?

சித்திரைக் கடைசியில் இறவை மணிலா பிடுங்கியாகிவிட்டது. ஆடிப் பட்டத்துக்கு உழவு போடும் வரை எங்கள் கொல்லை சும்மாதான் கிடக்கும். திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போகும் சாலைக்குத் தெற்கே, இன்னும் பாகம் பிரிக்காத 3 ஏக்கர் செம்மண் நிலம் அது. பல்கலைக்கழக வேலையாக ஊர் ஊராகச் சுற்றினாலும் விடுமுறைக்கு நான் போய் நிற்பது அங்கேதான். இந்த முறை போனபோது என் தம்பி மகன் ஒரு கருவியோடு காத்திருந்தான். நீண்ட கம்பு, அதன் அடியில் தட்டுப் போன்ற ஒரு வளையம், மேலே சிறு பெட்டி. தீபத் திருவிழாவுக்குக் கோயில் வாசலில் போலீசார் நிறுத்தும் சட்டகத்தின் தம்பி என்று சொல்லலாம். மெட்டல் டிடெக்டர்.

"பெரியப்பா, பாட்டி களையெடுக்கும்போது தொலைத்த தோட்டைத் தேடப் போகிறேன்" என்றான். பையன் சொன்ன காரணம் நல்ல காரணம். ஆனால் அவன் கண்ணில் தோடு மட்டும் தெரியவில்லை என்பது எனக்குப் புரிந்தது. இப்போது பல கிராமங்களில் இந்தக் கருவி நுழைந்துவிட்டதால், மூன்று காலைப் பொழுதுகளில் நாங்கள் கற்றதை உழவர் பெருமக்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

முதலில் கருவியின் வேலை. வளையத்தில் மின்சாரம் மாறி மாறி ஓடும். அதனால் மண்ணுக்குள் ஒரு காந்தப் புலம் பாயும். அங்கே உலோகம் இருந்தால் அதில் ஒரு சிறு மின்னோட்டம் சுழலும். அதன் எதிரொலியை வளையம் பிடித்து, காதில் ஒலியாகக் கொடுக்கும். இவ்வளவுதான். ஒரு சிறு காசை ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே காட்டுவது அரிது. பெரிய பாத்திரமானால் இன்னும் கொஞ்சம் ஆழத்தில் காட்டும். "20 அடி ஆழத்தில் தங்கத்தை மட்டும் காட்டும்" என்று யாராவது விற்க வந்தால், இரிடியக் கலசம் விற்க வந்தவரை அனுப்பியதுபோல் அனுப்பிவிடுங்கள். தங்கம், அலுமினியக் காகிதம், மாத்திரை அட்டை ஆகியவற்றைக் கருவி பல நேரம் ஒரே குரலில்தான் கூப்பிடுகிறது.

எங்கள் பகுதியில் இன்னொரு தொல்லையும் உண்டு. கவுத்திமலை, வேடியப்பன் மலைப் பக்கம் காந்த இரும்புத் தாது உள்ள பாறைகள் இருப்பது பலருக்கும் தெரியும். அந்த இனத்துக் கருங்கல் ஒன்று ஓடை வழியாக வந்து கொல்லையில் கிடந்தாலும் கருவி கத்துகிறது. செம்மண்ணில் உள்ள இரும்புச் சத்தும் சேர்ந்து கத்துகிறது. கருவியில் மண்ணுக்குத் தக்கபடி திருத்திக்கொள்ள ஒரு பொத்தான் இருக்கிறது. அதைப் பையன் இரண்டாம் நாள்தான் கண்டுபிடித்தான். முதல் நாள் முழுவதும் கல்லைத் தோண்டினோம்.

பிறகு கிடைத்தவற்றை ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்தோம். தேய்ந்த மாட்டு லாடங்கள், கலப்பைக் கொழுவின் முனை ஒன்று, டிராக்டர் கலப்பையின் போல்ட்டுகள், சோடா மூடிகள், பாக்குப் பொட்டலத்தின் மினுமினுப்புத் தாள், ஓட்டமில்லாத 5 பைசா அலுமினியக் காசு ஒன்று, கட்டுக் கம்பித் துண்டுகள் கணக்கில்லாமல். கொழு முனையை என் தம்பி கையில் எடுத்து வெகு நேரம் பார்த்தான். அப்பா காலத்தில் உழும்போது உடைந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்றான். தோடு கிடைக்கவில்லை.

கட்டுக் கம்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எங்களுக்குக் கருவியால் உண்மையான லாபம் அங்கேதான் வந்தது. மாடு தீனியை மென்று பொறுக்கித் தின்பதில்லை, வாரி விழுங்கும். தீனியோடு போகும் கம்பித் துண்டு, தேன்கூடு போன்ற இரண்டாம் வயிற்றில் தங்கிவிடும். அந்த வயிற்றுக்கு முன்னால் ஒரு மெல்லிய திரை, அதற்கு அப்பால் நெஞ்சுப்பை. கம்பி குத்திக்கொண்டு முன்னேறினால் முதலில் தீனி குறையும், பால் திடீரென்று இறங்கும். மாடு முதுகை வளைத்து, முன்னங்கால் முட்டியை அகட்டி நிற்கும். பள்ளத்தில் இறங்கத் தயங்கும். பிறகு அலைதாடியில் நீர் கோத்து வீங்கும். அந்த நிலைக்கு வந்த மாட்டைக் காப்பாற்றுவது கடினம். கோழிக்கூண்டு, பந்தல், வேலி என்று எதற்கும் கம்பி கட்டுகிறோம், நறுக்கிய துண்டை நின்ற இடத்திலேயே போடுகிறோம். அது கொடியோடு சேர்ந்து போருக்குப் போகிறது. மூன்றாம் நாள் பையனை மணிலாக் கொடிப் போரைச் சுற்றிக் கருவியை ஓட்டச் சொன்னேன். ஓரத்திலேயே நான்கு துண்டு கம்பி கிடைத்தது. ஒரு கறவை மாட்டின் விலையை நினைத்துப் பாருங்கள். புதையல் தேட வேண்டாம், போரைத் தேடுங்கள் என்று கருவி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் சொல்வேன். கால்நடை மருத்துவர்களும் வயிற்றில் இரும்பு இருக்கிறதா என்று பார்க்க இத்தகைய கருவியைப் பயன்படுத்துவது உண்டு. ஆனால் அது குத்துகிறதா, சும்மா கிடக்கிறதா என்று கருவி சொல்லாது. மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இனி நான் எழுத வந்த விஷயம். அதே மூன்றாம் நாள், வேப்ப மரத்துக்கு அருகே, வரப்பை ஒட்டி, முக்கால் சாண் ஆழத்தில் பானை ஓட்டுச் சில்லுகளோடு ஏழு செப்புக் காசுகள் கிடைத்தன. பச்சைப் பாசி பிடித்தவை. அவை எந்தக் காலத்தவை என்று நான் சொல்ல முற்படவில்லை, அது என் துறையல்ல. தம்பி மனைவி புளி போட்டுத் தேய்க்க எடுத்துப் போனாள், ஓடிப்போய்த் தடுத்தேன். புளியும் சாம்பலும் எழுத்தைத் தின்றுவிடும். மண்ணோடு அப்படியே காகிதத்தில் மடித்து, இடத்தில் ஒரு முளைக்குச்சி நட்டு, தோண்டுவதை நிறுத்தச் சொன்னேன்.

அன்று மாலை பக்கத்து நிலத்துப் பெரியவர் வந்தார். "யாரிடமும் சொல்லாதே. கவர்ன்மெண்டுக்குத் தெரிந்தால் நிலமே போய்விடும்" என்றார். பையனோ, காசு வாங்கும் ஆள் ஒருவரை டவுனில் தெரியும் என்றான். வீட்டில் இரவு முழுவதும் இதே பேச்சு. நமது கிராமங்களில் கிடைத்த பொருள்களில் எத்தனை இந்தப் பயத்தால் உருக்கப்பட்டிருக்கும்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். புதையல் பற்றிய இந்தியச் சட்டம் 1878-ஆம் ஆண்டில் வந்தது. மண்ணில் மறைந்து கிடந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும், என்ன, எவ்வளவு, எங்கே, எந்தத் தேதியில் என்று கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது அதற்கு ஜாமீன் தர வேண்டும். கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருபவர்கள் வருவதற்கு நான்கு மாதத்துக்குக் குறையாமலும் ஆறு மாதத்துக்கு மிகாமலும் ஒரு நாள் குறிப்பார். உரியவர் இல்லாத பொருள் என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. கூலிக்கு வரப்பு வெட்டும் ஆள் கண்டெடுத்தாலும் இதே கணக்குத்தான். இது பல நிலத்துக்காரர்களுக்குத் தெரியாது, கூலியாட்களுக்கு அறவே தெரியாது. மறைத்தால் பங்கு போய்விடும், ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. மறைக்கத் துணை போகும் நிலத்துக்காரருக்கு ஆறு மாதம் வரை. காசு கிடைத்ததற்காக நிலத்தைப் பிடுங்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரி கூட இல்லை.

ஆனால் பெரியவரின் பயத்தை முழுதும் பழிக்கவும் எனக்கு மனமில்லை. பொருளை அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால் என்ன தருவது என்று அதே சட்டம் சொல்கிறது: உலோகத்தின் விலை, அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு. எங்கள் ஏழு காசும் சேர்ந்து 30 கிராம் தேறினால் பெரிது. செம்பு விலைக்குக் கணக்குப் போட்டால் இரண்டு மூன்று டீக்கு ஆகும். செங்கத்துக்கு அருகே ஆண்டிப்பட்டியில் சங்க காலத்து ஈயக் காசுகள் கிடைத்தன. தமிழ் பிராமி எழுத்தில் சேந்தன் என்ற பெயர் பொறித்தவை. தமிழ்நாட்டுச் சரித்திரத்துக்கு அவை எவ்வளவு பெரிய சான்று! ஈய விலைக்கோ ஒன்றுமில்லை. அப்படியொரு காசு தனியாக ஒருவர் கையில் அகப்பட்டால் வலைக்குக் குண்டு வார்ப்பதுதான் லாபம் என்று அவர் நினைத்தால் குற்றம் யாருடையது?

இங்கிலாந்தில் 1992-இல் ஹாக்ஸ்ன் என்ற ஊரில் ஓர் உழவரின் சுத்தியல் நிலத்தில் தொலைந்துபோனது. அதைத் தேடித் தர எரிக் லாஸ் என்ற நண்பர் டிடெக்டரோடு வந்தார். சுத்தியலுக்குப் பதிலாக ரோமானியக் காசுகள் குவியலாகக் கிடைத்தன. அவர் மேலே தோண்டாமல் நிறுத்திவிட்டுத் தெரிவித்ததால், தொல்லியல் அறிஞர்கள் வந்து, பெட்டிக்குள் எது எங்கே இருந்தது என்ற விவரத்தோடு எடுத்தார்கள். ஏறத்தாழ 15,000 காசுகள். அரசு கொடுத்த பரிசு 17.5 லட்சம் பவுண்டு, சந்தை மதிப்புப்படி. லாஸ் அதை உழவரோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் கிடைத்து, அதையும் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அவ்வளவு பணம் நம்மால் தர முடியுமா என்று கேட்கலாம். நான் கேட்பது அவ்வளவு அல்ல. உலோக விலை என்ற கணக்கை விட்டு, பொருளின் அருமைக்கு ஒரு விலை வைக்கட்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு பக்கப் படிவம் இருக்கட்டும். பொருளை வாங்கும்போதே படத்தோடு ரசீது தரட்டும். காட்சிக்கு வைக்கும்போது கண்டெடுத்தவர் பெயரையும் ஊரையும் எழுதட்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் செப்புத் திருமேனிகளில் பல, மண் வெட்டிய யாரோ ஒருவர் தெரிவித்ததால் வந்தவைதான்.

இதைப் படித்துவிட்டுக் கருவி வாங்க யாரும் கடன் வாங்க வேண்டாம். தற்செயலாகக் கிடைப்பது வேறு, புதையல் என்று வேண்டுமென்றே தோண்டுவது வேறு. பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். நடுகல், பழைய கோயில் மேடு, முதுமக்கள் தாழி உள்ள இடங்களின் பக்கமே போகாதீர்கள். தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூரில், தன் எஜமானன் இறந்த பிறகும் கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் சேர்த்து நட்ட பல்லவர் காலத்துக் கல் நிற்கிறது. அதன் மேல் எந்தக் கருவியும் ஒலிக்காது. பம்புசெட் கேபிள் போகும் வழியிலும் கடப்பாறை போடாதீர்கள். தோண்டிய குழியில் அடிமண்ணை அடியிலும் மேல்மண்ணை மேலேயும் போட்டு மூடுங்கள். எங்கள் பையன் முதல் நாள் தலைகீழாக மூடிய குழிகள், வெளுத்த சுக்கான் மண்ணோடு இன்னும் தனியாகத் தெரிகின்றன.

காசுகளை நாங்கள் எழுதிக் கொடுத்தே ஒப்படைத்தோம். எந்த அலுவலகம் என்று சொல்ல வேண்டாம். இரண்டு மேசை மாறினோம், எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று அங்கிருந்தவருக்கே தெரியவில்லை. ரசீதுக்கு மட்டும் மூன்று முறை போனோம். மூன்றாம் முறை பையனைத் தனியாக அனுப்பினேன். ரசீதை வாங்கி வந்து, உரச்சீட்டு மாட்டும் கம்பியில் குத்தி வைத்துவிட்டு, "பெரியப்பா, ஆடிக்கு முன்னால் தோட்டுக்காக மேலண்டைப் பாத்தியையும் ஒரு முறை பார்த்துவிடலாமா?" என்றான். பார் என்றேன்.