நம் வார்த்தையை நம்பி ஒரு கலம் நெல் கொடுப்பார்களா?

அன்புள்ள என் பழைய மாணவச் செல்வங்களே, உறவுகளே,

பதிவு கொஞ்சம் நீளம். கோபம் வந்தாலும் கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

காலையில் வசனம் அனுப்புவது, ஞாயிறு ஆராதனைக்குப் போவது, கன்வென்ஷனில் முதல் வரிசையில் உட்காருவது எல்லாம் நல்லதுதான். ஆனால் இவை மட்டுமே கிறிஸ்தவ வாழ்க்கை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோமே, அதைத்தான் நான் மறுக்கிறேன். விசுவாசம் தானாக நடந்துவிடாது. இன்றைக்கு இதைச் செய்வேன், இதைச் செய்ய மாட்டேன் என்று யோசித்து, தீர்மானித்து, நஷ்டம் வந்தாலும் நிற்க வேண்டும்.

இதற்குச் சாட்சி தேடி எருசலேம் போக வேண்டாம். நம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது.

1781. ஹைதர் அலியின் படை சோழ நாட்டை அழித்துக்கொண்டிருந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் ஜனம் பட்டினி. வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. ஆனால் கொண்டுவர மாடும் இல்லை, கொடுக்க ஆளும் இல்லை. ஏற்கெனவே நெல்லை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். அதனால் ராஜாவின் வார்த்தையையும் குடியானவர்கள் நம்பவில்லை, கம்பெனியின் வார்த்தையையும் நம்பவில்லை. கடைசியில் துளஜா மகாராஜா சுவார்ட்ஸ் ஐயரைத்தான் கேட்டார். பணத்துக்கு நான் பொறுப்பு என்று ஐயர் சொல்லியனுப்பினார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. உபதேசியார்கள் ஊர் ஊராகப் போனார்கள். 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. சொன்னபடி எல்லோருக்கும் பணமும் போய்ச் சேர்ந்தது.

பிறகு இன்னொரு சமயம், வரிக் கொடுமை தாங்காமல் ஊரைவிட்டு ஓடிப்போன குடியானவர்கள் ஏறக்குறைய 7,000 பேர் அதே மனிதரின் வார்த்தையை நம்பித் திரும்பி வந்து ஏர் பூட்டினார்கள்.

நன்றாகக் கவனியுங்கள். அந்தக் குடியானவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்ல. அவருடைய பிரசங்கத்தைக் கேட்டு அவர்கள் நெல் கொடுக்கவில்லை. இந்த ஆள் சொன்னால் செய்வான் என்று தெரிந்துதான் கொடுத்தார்கள். அவர் 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். முப்பது வருஷம் சேர்த்த பேர் அது. அவர் வளர்த்த சரபோஜி கடைசிவரை இந்துவாகவே இருந்தார். ஆனாலும் ஐயர் 1798இல் இறந்த பிறகு இங்கிலாந்தில் பளிங்குச் சிற்பம் செய்ய ஏற்பாடு பண்ணி, தஞ்சாவூர் கோவிலில் வைக்கச் செய்தவர் அந்த இந்து ராஜாதான். மதம் மாற்றாமலேயே ஒரு மனிதனை மாற்றலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இப்போது நம் கதைக்கு வருவோம்.

நம் சொந்தக்காரர்கள் குழுவில் ஒரு வரன் விவரம் வந்தது. முதல் வரியில் சாதி, இரண்டாவது வரியில் சம்பளம், கடைசி வரியில் "இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற பெண் தேவை". பன்னிரண்டு பேர் கைகூப்பிய படமும் ஆமெனும் போட்டிருந்தார்கள். நான் ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு, "விசுவாசம் வேற, வழக்கம் வேற, அத்தை" என்று எனக்கே பாடம் வந்தது.

வேறு வேறு இல்லை, தம்பி. யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுங்கள். கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்று நாம் அடிக்கடி சொல்கிறோம் அல்லவா? அந்த அதிகாரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பாருங்கள். சபைக்குள் யாரை எங்கே உட்காரவைக்கிறாய் என்றுதான் ஆரம்பிக்கிறது. முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் மனப்பாடம் செய்கிறோம்.

தஞ்சாவூர் சபைக்கு இது பழைய வியாதி. சுவார்ட்ஸ் ஐயர் காலத்திலேயே சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள், அவரும் அதைப் பொறுத்துக்கொண்டார். அவரிடம் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார், பெத்லகேம் குறவஞ்சி தந்த மகாகவி, புதிய மிஷனரிமார் சாதி வித்தியாசத்தை ஒழிக்க முனைந்தபோது அதை எதிர்த்து எழுதினார். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கண்டிப்பாகக் கடிதம் எழுதினார். அதற்காகச் சபையைவிட்டே வெளியேறினவர்கள் உண்டு. கர்த்தரை விட்டாலும் விடுவோம், சாதியை விடமாட்டோம் என்ற அந்தப் பிடிவாதம்தான் இன்றைக்கு வரன் விவரமாக வருகிறது, கல்லறைத் தோட்டத்தில் தனி வரிசையாக நிற்கிறது. பெரியவர்களின் பாட்டைப் பாடுவோம், நெல் கொண்டுவந்த நேர்மையைப் பின்பற்றுவோம். அவர்கள் நின்றுபோன இடத்தில் நாமும் நிற்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய நம் தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதுதான் அந்தச் சண்டைக்கு மூலம். "அதில் கிறிஸ்தவர்களுக்கு என்ன சம்பந்தம்?" என்பீர்கள். மாட்டுத்தொழுவத்தில் பிறந்தவரின் பண்டிகை இரவில், நம் வயல்காட்டுக்கு நடுவில் நடந்தது அது. இந்த டெல்டாவில் நிலம் வைத்திருக்கும் கிறிஸ்தவன் டிசம்பர் 25 அன்று கேக் வெட்டுவதற்கு முன்னால், நடவுக்கு வந்த பெண்களுக்குக் கூலி பாக்கி இருக்கிறதா என்று யோசிக்காவிட்டால் அது என்ன பண்டிகை?

ஆகவே என் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் வீட்டுப்பாடம் இது. கூலியை அன்றன்றைக்கே கொடுங்கள். கல்யாண விவரத்தில் அந்த முதல் வரியை அடித்துவிடுங்கள். கல்லறைத் தோட்டத்துத் தனி வரிசையைப் பற்றிச் சபைக் கமிட்டியில் எழுந்து நின்று கேளுங்கள். கொடுத்த வார்த்தையை, நஷ்டமானாலும், காப்பாற்றுங்கள். இதில் ஒன்றுக்கும் அபிஷேகம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நம் விசுவாசத்துக்கு மதிப்பெண் போடுகிறவர் பாஸ்டர் அல்ல, நம் தெருவிலும் வயலிலும் நம்மோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிற மற்ற மதத்துக்காரர். நாளைக்கு ஒரு பஞ்சம் வந்து, "பணம் பிறகு தருகிறேன், நெல்லைக் கொடுங்கள்" என்று நீங்கள் கேட்டால், அவர் கொடுப்பாரா?

பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்