பீன்ஸ் வயலுக்கு உயிருள்ள நுண்ணுயிர் வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

பீன்ஸ், ராஜ்மா, அவரை, காராமணி பயிரிடுவோர் விதையில் வேர்முடிச்சு நுண்ணுயிரைக் கலந்தே விதைக்க வேண்டும் என்று எங்கள் அமைப்பு கருதுகிறது. அதே சமயம், கடையில் கிடைக்கும் ஏதாவது ஒரு பொட்டலத்தைக் கலந்தால் போதும் என்பதையும், கலந்த பிறகு யூரியாவே தேவைப்படாது என்பதையும் நாங்கள் ஏற்கவில்லை. பொட்டலத்தில் இருப்பது அந்தப் பயிருக்கு உரிய இனமாக இருக்க வேண்டும். விதைக்கும் நாளில் அது உயிரோடும் இருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் பொறுப்பேற்க வேண்டியவர்கள் தயாரிப்பவர், விற்பவர், சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அரசு ஆகியோரே. விவசாயி தலையில் அதைச் சுமத்தக் கூடாது.

புணேயிலும் சுற்றுவட்டாரத்திலும் பயறு வகை விளைவிக்கும் சிறு விவசாயிகளும் மாடித் தோட்டக்காரர்களும் சேர்ந்தது எங்கள் அமைப்பு. தமிழரும் மராத்தியரும் இதில் உண்டு. உயிர் உரம் தயாரிக்கும் எந்த நிறுவனத்திடமும் நாங்கள் பணம் பெறுவதில்லை.

பீன்ஸை நாங்கள் முதலில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. புணே மாவட்டத்தின் புரந்தர் தாலுகாவில் கேவடா, அதாவது பீன்ஸும் ராஜ்மாவும், முக்கியமான மழைக்காலப் பயிர். பக்கத்துச் சாத்தாரா மாவட்டத்தின் கோரேகாவ் பகுதியில் விளையும் வரியோடிய ‘வாக்யா கேவடா’ புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. இவ்வளவு பெயர் பெற்ற பயிருக்கு, அதன் வேருக்கென்றே தேர்ந்தெடுத்த நுண்ணுயிர் எளிதில் கிடைப்பதில்லை. சோயாவுக்கோ துவரைக்கோ உரிய பொட்டலத்தை நீட்டி, “எல்லாம் ஒன்றுதான்” என்று சொல்லும் கடைகள் இருக்கின்றன.

எல்லாம் ஒன்றல்ல. பயறு வகைச் செடியின் வேர் சில வேதிப்பொருள்களை மண்ணில் கசியவிடுகிறது. அதற்குப் பொருந்திய நுண்ணுயிர் மட்டுமே பதில் சமிக்ஞை தந்து, வேர்த்தூவி வழியாக உள்ளே நுழைந்து முடிச்சை உருவாக்கும். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான் என்றாலும் செடியால் அதை நேரடியாக எடுக்க முடியாது. முடிச்சுக்குள் இருக்கும் நுண்ணுயிர் அதை அம்மோனியாவாக மாற்றித் தருகிறது, செடி பதிலுக்குச் சர்க்கரை தருகிறது. சோயாவுக்குப் பிராடிரைசோபியம் ஜப்பானிக்கம், கொண்டைக்கடலைக்கு மீசோரைசோபியம், பட்டாணிக்கும் மசூர் பருப்புக்கும் ரைசோபியம் லெகுமினோசாரம் என்று துணைகள் வேறுபடுகின்றன. அவரை, காராமணி, துவரை, பச்சைப்பயறு, உளுந்து ஒரே குழுவைச் சேர்ந்தவை. ஆகவே பச்சைப்பயறுக்கு வாங்கியது அவரைக்கும் உதவும். பீன்ஸும் ராஜ்மாவும் அந்தக் குழுவில் இல்லை. ரைசோபியம் பேசியோலை, ரைசோபியம் எட்லி போன்றவையே அவற்றுக்குத் துணை.

ராஜ்மாவில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது, உயிர் உர விளம்பரங்கள் அதைச் சொல்வதே இல்லை. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்த இந்தச் செடி, அருகில் வரும் பல வகை நுண்ணுயிர்களை வேருக்குள் அனுமதித்துவிடுகிறது. அவற்றில் பல, முடிச்சை உண்டாக்கினாலும் தழைச்சத்தைச் சரியாகத் தருவதில்லை. பொட்டலத்திலிருந்து போன நல்ல நுண்ணுயிர், ஏற்கெனவே மண்ணில் இருக்கும் இந்தக் கூட்டத்தோடு போட்டியிட்டு இடம்பிடிக்க வேண்டும். குத்துச்செடி ரகங்களுக்குக் காலமும் குறைவு. முடிச்சு முழுமையாக வேலை செய்யத் தொடங்கியதும் காய் பிடித்துவிடுகிறது. கொடி ரகங்கள் இதைவிட அதிகம் சேர்க்கும். வட இந்தியச் சமவெளியில் மற்றப் பருப்புப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு 20 கிலோ அளவில் தழைச்சத்து போதும் என்று சொல்லும் வேளாண் பரிந்துரைகள், ராஜ்மாவுக்கு 90 முதல் 120 கிலோ வரை கேட்பது இதனால்தான். இதையெல்லாம் மறைத்து யூரியாவை ஒரேயடியாக நிறுத்தச் சொன்னால் நஷ்டப்படுவது சிறு விவசாயி. அடுத்த பருவத்தில் அவர் நல்ல நுண்ணுயிரையும் நம்ப மாட்டார்.

இந்த அறிவியல் நமக்குப் புதிதல்ல. முடிச்சு நுண்ணுயிரை ஹாலந்தின் பெயரிங்க் தனியே பிரித்தெடுத்தது 1888இல். இந்தியாவில் என். வி. ஜோஷி 1920இலேயே இதை ஆராய்ந்தார். உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் உயிர் உரங்கள் வந்தது 2006இல்தான். ரைசோபியம் தூளாக இருந்தால் ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்களும், திரவமாக இருந்தால் ஒரு மில்லிலிட்டரில் 10 கோடியும் இருக்க வேண்டும் என்கிறது அந்த ஆணை. பிரேசில் தன் விவசாயிகளுக்காக வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு கிராமுக்கு அல்லது மில்லிலிட்டருக்கு 100 கோடி. அங்கே சோயா பெரும்பாலும் நைட்ரஜன் உரமே இல்லாமல் விளைகிறது. அதற்காகப் பல்லாண்டு உழைத்த நுண்ணுயிரியலாளர் மரியாங்கெலா ஹங்ரியாவுக்கு 2025இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்த வெற்றிக்குப் பின்னால் சரியான இனத்தைத் தேடிய ஆராய்ச்சியும், தரத்தில் விட்டுக்கொடுக்காத சட்டமும் சேர்ந்து நிற்கின்றன.

நம் பொட்டலக் கணக்கைப் பார்ப்போம். 250 கிராம் பொட்டலம் 10 கிலோ விதைக்கு என்பது மகாராஷ்டிரத்தில் வழக்கமான அளவு. பெரிய ராஜ்மா விதை 10 கிலோவில் ஏறக்குறைய 25,000 இருக்கும். சட்டம் கேட்கும் குறைந்த அளவு அப்படியே இருந்தால் விதை ஒன்றுக்கு 5 லட்சம் செல்கள் சேரும். பொட்டலம் வெயிலில் கிடந்து பத்தில் ஒன்பது பங்கு செத்திருந்தால் மிஞ்சுவது 50,000. புணேயில் மழைக்கால விதைப்புக்கான சரக்கு கடைக்கு வருவது ஏப்ரல், மே மாதங்களில். அப்போது நகரத்திலேயே வெப்பம் 40 டிகிரியைத் தொடும். தகரக் கூரை போட்ட கிருஷி சேவா கேந்திரம் எனப்படும் விவசாயக் கடைக்குள் அதற்கும் மேலே போகும். ரைசோபியத்துக்கு ஏற்றது 25 முதல் 30 டிகிரி. பால் கெட்டால் திரிந்து காட்டிக்கொடுக்கும். செத்த உயிர் உரமோ பார்வைக்குப் புதியது போலவே இருக்கும். வாங்குபவர் தாமாக அறிய வழியில்லாத குறைக்கு அவரையே பொறுப்பாக்குவது நியாயமல்ல.

தக்காணத்துக் கரிசல் மண்ணையும் சேர்த்துப் பேச வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த இந்த மண்ணில் கார அமிலக் குறியீடு பல இடங்களில் 8க்கு மேல். போட்ட மணிச்சத்தின் பெரும்பகுதியைச் சுண்ணாம்பு கட்டிவைத்துக்கொள்கிறது. முடிச்சு வளர மணிச்சத்து வேண்டும், எனவே ரைசோபியத்தோடு மணிச்சத்தைக் கரைக்கும் பேசில்லஸ் மெகாடீரியம் போன்ற நுண்ணுயிரையும் கலப்பதை ஆதரிக்கிறோம். வேர்நோயைத் தடுக்கச் சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸைத் தொழு உரத்தில் கலந்து இடுவதும் நல்லது. இவை எதுவும் முடிச்சு நுண்ணுயிருக்கு மாற்றாகாது.

ஜீவாமிர்தம் பற்றி எங்கள் உறுப்பினர்களுக்குள்ளேயே நீண்ட விவாதம் நடந்தது. சாணம், வெல்லம், கடலை மாவு, ஒரு பிடி வரப்பு மண் சேர்ந்த அந்தக் கரைசல் மண்ணின் உயிரோட்டத்துக்கு நல்லது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் பீன்ஸுக்கு உரிய ரைசோபியம் அந்தப் பிடி மண்ணில் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. இரண்டையும் பயன்படுத்துங்கள், ஒன்றை மற்றொன்றாக எண்ண வேண்டாம்.

மாடித் தோட்டக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். தேங்காய் நார்க்கழிவில் பயறு வகை நுண்ணுயிர் அநேகமாக இருக்காது. போட்டியிடும் கூட்டமும் இல்லாததால், சரியான நுண்ணுயிர் தொட்டியில் எளிதாக இடம்பிடிக்கும். ஆறிய அரிசிக் கஞ்சியிலோ வெல்லக் கரைசலிலோ தூளைக் குழைத்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைத்துவிடுங்கள். விதையில் பூஞ்சைக்கொல்லி கலப்பதாக இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு, நுண்ணுயிரைக் கடைசியில் கலக்க வேண்டும்.

யூரியாவைப் பொறுத்தவரை நாங்கள் சொல்வது இது: அடியுரத்தைப் பரிந்துரைப்படி இடுங்கள், மேலுரத்தை வேரைப் பார்த்துத் தீர்மானியுங்கள். தொடக்கத்திலேயே தழைச்சத்தைக் கொட்டினால் செடி முடிச்சே வைக்காது. யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பதால் கை தாராளமாகிவிடுகிறது. பூக்கும் தறுவாயில் நான்கைந்து செடிகளைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி எடுத்து, முடிச்சை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, மேலுரத்தைக் குறைக்கலாம். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் குறைக்க வேண்டாம்.

அரசிடம் எங்கள் கோரிக்கைகள் சில. மாதிரிகளைத் தொழிற்சாலையில் மட்டும் எடுக்காமல், மே, ஜூன் மாதங்களில் சில்லறைக் கடையிலிருந்தே எடுக்க வேண்டும். முடிவுகளைத் தொகுதி எண்ணோடு பொதுவில் வெளியிட வேண்டும். உயிர் உரம் விற்கும் கடையில் குளிர்சாதனப் பெட்டி கட்டாயமாக்கப்பட வேண்டும், சிறு கடைகளுக்கு அதற்கு மானியம் வேண்டும். எந்தப் பயிருக்கு உரியது, எந்த நாளோடு காலாவதியாகிறது என்பவை மராத்தியில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். உயிர்ச் செல்களின் குறைந்தபட்ச அளவைப் படிப்படியாக 100 கோடிக்கு உயர்த்த வேண்டும்.

இவற்றைவிட அவசரமானது கேவடாவுக்கென்று ஒரு நுண்ணுயிர். இந்த வேலைக்குப் புணேயைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. தேசிய நுண்ணுயிர் வள மையம் இங்கே இருக்கிறது. தேசிய வேதியியல் ஆய்வகத்தின் நுண்ணுயிர்த் தொகுப்பும் இங்கேதான். சோயா ரகங்களை உருவாக்கிய அகர்கர் ஆராய்ச்சி நிறுவனம் 1946 முதல் இயங்குகிறது. நூறாண்டு கடந்த வேளாண் கல்லூரியும், அதன் தாய் நிறுவனமான ராஹுரி மகாத்மா புலே வேளாண் பல்கலைக்கழகமும் நமக்குண்டு. புரந்தரிலும் கோரேகாவிலும் செழித்து நிற்கும் செடிகளின் முடிச்சுகளைச் சேகரித்து, இந்த மண்ணின் காரத்தையும் வெயிலையும் தாங்கி, மற்ற நுண்ணுயிர்களோடு போட்டியிட்டு வெல்லும் இனத்தைத் தேர்ந்தெடுக்க இந்த நிறுவனங்கள் ஒன்றாக முன்வர வேண்டும். கிடைக்கும் இனம் ஒரு தனி நிறுவனத்தின் சொத்தாகாமல், முடிச்சுகளைத் தந்த விவசாயிகளுக்கு அடக்க விலையில் கிடைக்க வேண்டும் என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம்.

வரும் மழைக்கால விதைப்பில் எங்கள் உறுப்பினர்கள் ஒவ்வொரு பீன்ஸ் வயலிலும் சில சால்களை நுண்ணுயிர் கலக்காமல் விட்டுவைப்பார்கள். கலந்த சாலிலும் கலக்காத சாலிலும் முடிச்சின் நிறத்தையும் காயின் எடையையும் பதிவு செய்வோம். எந்தப் பொட்டலம், எந்தக் காலாவதி நாள், எப்படி வைக்கப்பட்டது என்ற விவரங்களோடு, முடிவு நுண்ணுயிருக்கு எதிராகவே வந்தாலும் அதை மராத்தியிலும் தமிழிலும் வெளியிடுவோம்.