பத்தியம் சொன்ன பிரதமர்

‘டாக்டருக்குப் படிச்சவங்களுக்கு அரசியல் எதுக்கு? வந்த நோயாளியைப் பார்த்தோமா, மருந்து கொடுத்தோமான்னு இருந்தா போதாதா?’ இப்படிக் கேட்பவர்கள் நிறைய பேர். என் கருத்து வேறு. மருத்துவம் படித்தவர் ஆட்சிக்குப் போனால் மருத்துவத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டியதில்லை. கையோடு கொண்டு போகலாம். அப்படிக் கொண்டு போனவர் ஒருவர் உண்டு. நார்வே நாட்டின் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட்.

1939-ல் பிறந்தவர். அப்பாவும் டாக்டர்தான், அமைச்சராகவும் இருந்தவர். 1963-ல் ஆஸ்லோவில் மருத்துவப் பட்டம், 1965-ல் அமெரிக்காவின் ஹார்வர்டில் பொதுச் சுகாதாரப் பட்டம் வாங்கினார். ஊர் திரும்பியதும் சொந்தமாகக் கிளினிக் போட்டு உட்காரவில்லை. ஆஸ்லோ பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலத்தைக் கவனிக்கும் அரசு வேலைக்குப் போனார். நோய் வந்த பிறகு பார்ப்பதைவிட வருவதற்கு முன்னால் தடுப்பது அவருக்குப் பிடித்த வேலை.

1974-ல் அமைச்சரானார். சுகாதாரத் துறைக்கா? அதுதான் இல்லை, சுற்றுச்சூழல் துறைக்கு! சித்த மருத்துவனான எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. வெளியே இருக்கிற பஞ்சபூதங்கள்தான் நம் உடம்புக்குள்ளும் இருக்கின்றன என்பது எங்கள் பாடத்தின் ஆரம்பம். காற்றும் தண்ணீரும் கெட்ட பிறகு கஷாயம் மட்டும் என்ன செய்யும்? 1977-ல் வடகடலில் ஓர் எண்ணெய்க் கிணறு கட்டுப்பாட்டை மீறிப் பீறிட்டது. ஒரு வாரம் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. அந்த நெருக்கடியைச் சமாளித்த அமைச்சர் இவர்தான்.

1981-ல், 41 வயதில், நார்வேயின் முதல் பெண் பிரதமர் ஆனார். எட்டு மாதம்தான் ஓடியது. தேர்தலில் தோற்றார். விட்டாரா? 1986-ல் திரும்பி வந்தார். அந்த அமைச்சரவையில் 18 பேரில் 8 பேர் பெண்கள். 1989 வரை ஆண்டார். பிறகு 1990 முதல் 1996 வரை மறுபடியும் பிரதமர். நான்கு குழந்தைகளின் தாய் இவர். கணவரோ எதிர்க்கட்சியான கன்சர்வேடிவ் கட்சியைச் சேர்ந்தவர்! ஆனாலும் வீட்டுப் பொறுப்பில் பெரும் பங்கை அவர் ஏற்றுக்கொண்டார்.

இவர் ஆட்சிக் காலத்தில், 1993-ல் வந்த ஒரு ஏற்பாட்டைப் பாருங்கள். குழந்தை பிறந்தால் அப்பாவுக்கென்று நான்கு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. அப்பா எடுக்காவிட்டால் பொதுவாக அது வீண்தான். பிரசவித்த பெண்ணுக்கு நாம் மருந்து கிண்டிக் கொடுக்கிறோம், சரி. அவளுக்கு ஓய்வும் கைமாற்ற ஒரு ஆளும் இல்லாவிட்டால் அந்த மருந்து எப்படி உடம்பில் ஒட்டும்? சட்டமும் ஒரு பிரசவ மருந்துதான் என்கிறேன் நான்.

1983-ல் ஐ.நா. சபை இவர் தலைமையில் ஒரு ஆணையம் அமைத்தது. 1987-ல் அறிக்கை வந்தது. பேரப்பிள்ளைகளின் பங்கில் கை வைத்து நாம் வளரக் கூடாது என்பதுதான் அதன் சாரம். ‘நீடித்த வளர்ச்சி’ என்ற சொல்லை உலகம் முழுக்கப் பரப்பியது அந்த அறிக்கை.

குறையே இல்லையா என்றால், உண்டு. எண்ணெய் விற்றே செல்வம் சேர்த்த நாடு அது. 1993-ல் வணிகத்துக்காகத் திமிங்கில வேட்டையை மறுபடி தொடங்கியதும் இவர் ஆட்சியில்தான். சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் கண்டித்தார்கள், நியாயமான கண்டனம். பத்தியம் சொல்கிற வைத்தியரே ஊறுகாய் ஜாடியைத் திறந்தால் பேச்சு வாங்கத்தானே வேண்டும்! 1994-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரலாம் என்று ஊர் ஊராகப் பேசினார். மக்கள் வாக்கெடுப்பில் ‘வேண்டாம்’ என்றார்கள். 1992-ல் ஒரு மகனைப் பறிகொடுத்துக் கட்சித் தலைமையை விட்டார். ஆனாலும் பிரதமர் பொறுப்பைத் தொடர்ந்தார்.

1998 முதல் 2003 வரை உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர். இங்குதான் அவருடைய வைத்தியம் முழுதாகத் தெரிந்தது. புகையிலைக்கு எதிராக ஓர் உலக ஒப்பந்தம் கொண்டுவர முன்னின்றார். விளம்பரத்தைத் தடுப்பது, வரியை ஏற்றுவது, பெட்டியில் எச்சரிக்கை போடுவது, பொது இடத்தில் புகையை விலக்குவது என்று பல அம்சங்கள். 2003 மே மாதம் ஏற்கப்பட்டது. 2005-ல் அமலுக்கு வந்தது. இந்தியா 2004-லேயே சேர்ந்துவிட்டது. நம் ஊர் சிகரெட் பெட்டியில் 2009 முதல் வருகிற எச்சரிக்கைப் படம், 2016 முதல் பெட்டியின் 85 சதவீதத்தை அடைத்துக்கொண்டதே, அதுவும் இந்த வழியில் வந்ததுதான்.

இருமலோடு வருகிறவருக்கு நான் ஆடாதோடை கொடுப்பேன். பீடியை விடுங்கள் என்றும் சொல்வேன். ஆனால் அவர் தெருமுனைக்குப் போனதும் பெட்டிக்கடை கூப்பிடுகிறதே! அந்தக் கடை வரைக்கும் என் மருந்து போகாது. சட்டம் போகும்.

இன்னொன்று. 2002-ல் இவர் தலைமையில்தான் பாரம்பரிய மருத்துவத்துக்கென முதல் உலகத் திட்டத்தை அந்த நிறுவனம் வெளியிட்டது. எங்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் இல்லை, ஒதுக்கவும் இல்லை. பாதுகாப்பையும் பலனையும் தரத்தையும் நிரூபியுங்கள், ஏழைக்கும் எட்டும்படி செய்யுங்கள் என்பதே அதன் போக்கு. எங்கள் துறையில் சிலருக்கு இது கசக்கும். கசந்தாலும் நல்ல மருந்து என்பேன்.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர் ‘பெரிய ஆஸ்பத்திரி கட்டித் தர்றேன்’ என்றால், ரொம்ப சந்தோஷம் என்று சொல்லுங்கள். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: ‘நாங்க அங்கே போகாம இருக்கறதுக்கு என்ன செய்யப் போறீங்க?’